கூரை ஆண்டெனாவும் லினக்ஸ் கணினியும்: சுங்கை சிப்புட்டுக்குப் புதிதாக வந்த தம்பிக்கு

தம்பி, மலேசியாவின் சுங்கை சிப்புட்டுக்கு வந்து மூன்று மாதம் ஆகிறது என்றும், தாமானில் (குடியிருப்புப் பகுதியில்) எடுத்த வாடகை வீட்டுக் கூரையில் பழைய ஆண்டெனா ஒன்று நிற்கிறது என்றும், உபுண்டு போட்ட கணினியில் அரசு ஒளிபரப்பான ஆர்.டி.எம்.மின் தமிழ்ச் செய்தியை எச்.டி. தரத்தில் பார்க்க ஆசைப்பட்டு 30 வெள்ளிக்கு ஒரு யூ.எஸ்.பி. ட்யூனர் (ஆண்டெனாவில் வரும் அலையைக் கணினிக்குத் தரும் கருவி) வாங்கியும் ஓர் அலைவரிசைகூடச் சிக்கவில்லை என்றும் எழுதியிருந்தீர்கள். (மூன்றே மாதத்தில் ரிங்கிட்டை வெள்ளி என்று எழுதத் தொடங்கிவிட்டீர்கள், எனக்கு அதற்கு ஒரு வருடம் ஆனது.) லினக்ஸை விட்டு விண்டோஸுக்கு மாறுவதா, மாதச் சந்தா கட்டிச் செயற்கைக்கோள் சேவையான அஸ்ட்ரோ போடுவதா என்று கேட்டிருக்கிறீர்கள். இரண்டும் வேண்டாம். 2003இல் புதுக்கோட்டையிலிருந்து இங்குள்ள செம்பனை எண்ணெய் ஆலை ஒன்றில் மின்வேலைக்கு வந்தவன் நான். நீங்கள் இன்று படும் அவதியை ஒன்றுவிடாமல் பட்டவன் என்பதால் சொல்கிறேன்: உங்கள் சிக்கல் லினக்ஸில் இல்லை, வாங்கிய ட்யூனரில் பாதியும் கூரையில் மீதியும் இருக்கிறது.

முதலில் ட்யூனர். நம் ஊரில் கேபிளும் டி.டி.எச்.சும் பார்த்து வளர்ந்தவர்களுக்குத் தரைவழி ஒளிபரப்பு என்றால் தூர்தர்ஷன் காலத்து நினைவுதான் வரும். மலேசியாவில் அது இன்னும் உயிரோடு இருக்கிறது. 2019 அக்டோபர் 31ஆம் தேதியோடு நாடு முழுவதும் அனலாக் ஒளிபரப்பு நிறுத்தப்பட்டு, இலவச அலைவரிசைகள் அனைத்தும் மைஃப்ரீவியூ என்ற பெயரில் டிஜிட்டலுக்கு மாறின. இந்த நாடு தேர்ந்தெடுத்தது டி.வி.பி.-டி2 என்னும் இரண்டாம் தலைமுறைத் தரம். சந்தையில் மலிவாகக் கிடைக்கும் ட்யூனர்களில் பெரும்பாலானவை ரியல்டெக் ஆர்.டி.எல்.2832யூ சில்லு கொண்டவை, அவை முதல் தலைமுறை டி.வி.பி.-டி மட்டுமே அறிந்தவை. டி2 என்பது டி-யின் மெருகேறிய வடிவம் அன்று. பிழைதிருத்தும் முறையே வேறு என்பதால் பழைய சில்லுக்கு அது வெறும் இரைச்சல். இதில் ஏமாற்றுவது என்னவென்றால், லினக்ஸ் அந்த ட்யூனரை உடனே அடையாளம் கண்டுகொள்ளும், டிரைவரும் ஏறும், தேடலும் கடைசிவரை ஓடும், ஆனால் ஒன்றும் கிடைக்காது. நான் இரண்டு வார இறுதிகளை லினக்ஸின் உட்கருவான கெர்னலைத் திட்டியே கழித்தேன். பிறகு பக்கத்து வீட்டு ஐயாவின் டிஜிட்டல் டிவிப் பெட்டியை (டிக்கோடரை) அதே கம்பியில் மாட்டியதும் படம் பளிச்சென்று வந்தபோதுதான் புத்தி தெளிந்தது.

முனையத்தில் எல்.எஸ்.யூ.எஸ்.பி. (lsusb) என்ற கட்டளையைக் கொடுத்துப் பாருங்கள். 0பி.டி.ஏ.:2838 (0bda:2838) என்ற எண் தெரிந்தால் உங்களுடையதும் அந்த வகைதான். தூக்கி எறிந்துவிடாதீர்கள், மென்பொருள் வானொலியாக அது அருமையாக வேலை செய்யும், மின்னல் எஃப்.எம். கேட்கலாம்.

புதிதாக வாங்கும்போது அட்டையில் டி2 என்று அச்சிட்டிருந்தால் மட்டும் போதாது, உள்ளே இருக்கும் சில்லுக்குக் கெர்னலில் டிரைவர் உண்டா என்றும் பார்க்க வேண்டும். சிலிக்கான் லேப்ஸ் எஸ்.ஐ.2168 கொண்டவை லினக்ஸில் நன்றாக ஓடுகின்றன. இரண்டு ட்யூனர் உள்ள ஹாப்பாஜ் வின்டிவி-டூவல்எச்டி அந்த வகையே, நான் வைத்திருப்பதும் அதுதான். அதற்கு அமெரிக்கப் பதிப்பு ஒன்றும் உண்டு, அது அந்நாட்டு ஏ.டி.எஸ்.சி. தரத்துக்கானது, இங்கே பயன்படாது, இணையக் கடையில் இரண்டும் பார்வைக்கு ஒன்றுபோலவே இருக்கும். இந்தச் சில்லுக்கு ஃபர்ம்வேர் கோப்பு (சில்லுக்குள் ஏற்றப்படும் மென்பொருள்) தேவை. பல லினக்ஸ் வகைகளில் அது உடன் வராது, தனியே தேடி எடுத்து ஃபர்ம்வேர் அடைவில் போட வேண்டும். கோப்பு இல்லை என்ற புகார் ட்யூனரைச் செருகியவுடன் வராது, முதல் முறை அலைவரிசை தேடும்போதுதான் கெர்னல் பதிவேட்டில் தோன்றும். எனவே தேடலை ஓட்டிய பிறகு டி.மெசேஜ் (dmesg) கட்டளையால் பதிவேட்டைப் படியுங்கள்.

இனி கூரைக்கு வருவோம். நான் அதிக நேரம் செலவிட்டதும் இங்கேதான். அனலாக் காலத்தில் டிவி1, டிவி2 ஆகியவை பல இடங்களில் வி.எச்.எஃப். அலைகளில் வந்ததால், பழைய வீடுகளில் ஒரு கை நீளத்துக்கும் மேலான கம்பிகள் கொண்ட ஆண்டெனாக்களே மிச்சமிருக்கின்றன. இன்றைய டிஜிட்டல் ஒளிபரப்பு முழுவதும் 470 முதல் 694 மெகாஹெர்ட்ஸ் வரையுள்ள யூ.எச்.எஃப். பகுதியில் வருகிறது, அதற்கு ஒரு சாண் நீளமுள்ள குறுங்கம்பிகள் வரிசையாக அமைந்த யாகி வகை ஆண்டெனா வேண்டும். உங்கள் கூரையில் நிற்பது எது என்று கீழிருந்து பார்த்தாலே தெரிந்துவிடும். அதை எந்தப் பக்கம் திருப்புவது என்றால், நமக்குரிய ஒளிபரப்புக் கோபுரம் ஈப்போவுக்கு மேற்கே சுமார் 800 மீட்டர் உயரமுள்ள கிளேடாங் மலையில் இருக்கிறது. இங்கிருந்து தெற்கே, சற்று மேற்குச் சாய்வில், நேர்க்கோட்டில் 26 கிலோமீட்டர் அளவில் வரும். இந்தத் தூரம் ஒரு நல்ல யாகிக்குப் பெரிதன்று, குறுக்கே நிற்பவைதான் பெரிது.

என் வீட்டுக்குப் பின்னால் தோட்டத்துச் செம்பனை வரிசை இருந்தது. மரங்கள் உயர உயர, மழை பெய்து மட்டைகள் நனைந்த மாலைகளில் படம் கட்டம் கட்டமாக உடைந்து நின்றுவிடும். டிஜிட்டலில் அனலாக் போலப் புள்ளி விழுந்து மங்கும் பேச்சே இல்லை. ஓர் அளவுவரை கண்ணாடிபோல் இருக்கும், அதற்குக் கீழே போனால் ஒன்றுமே இருக்காது. சிக்னல் பெருக்கி வாங்கிப் போட்டேன், பயன் சொற்பம், ஏனென்றால் இரைச்சலையும் சேர்த்தே அது பெருக்கியது. ஏறத்தாழ 25 வயதான அந்த மரங்களைத் தோட்ட நிர்வாகம் மறுநடவுக்காகச் சாய்த்த வாரத்தில், நான் எதையும் தொடாமலே சிக்னல் ஏறிவிட்டது. உங்கள் தாமானுக்குத் தெற்கே மரங்கள் இருந்தால், பெருக்கிக்குச் செலவிடும் காசைக் குழாயை ஒரு மீட்டர் உயர்த்தச் செலவிடுங்கள். அதற்குப் பிறகும் பெருக்கி தேவைப்பட்டால், 700 மெகாஹெர்ட்ஸ் கைப்பேசி அலைகளைத் தடுக்கும் வடிகட்டி உள்ளதாகப் பார்த்து வாங்குங்கள். இறங்கும் கம்பி ஆர்.ஜி.6 ஆக இருக்கட்டும். இங்கே இடி இறங்கும் விதம் உங்களுக்கு இதற்குள் தெரிந்திருக்கும், எனவே குழாய்க்கு எர்த் கொடுங்கள், வானம் இருண்டால் கம்பியைக் கணினியிலிருந்து கழற்றிவிடுங்கள்.

இவ்வளவும் சரியானால் லினக்ஸ் வேலை அரை மணி நேரம்தான். பழைய வழிகாட்டிகளில் வரும் ஸ்கேன் (scan), டீஜாப் (tzap) போன்ற கருவிகளைத் தொடாதீர்கள்; அவை முதல் தலைமுறைக்காக எழுதப்பட்டவை, டி2 அறியாதவை. டி.வி.பி.வி.5-ஸ்கேன் (dvbv5-scan) என்ற கருவியோ, திரையில் பார்த்துப் பார்த்துச் செய்ய வேண்டுமென்றால் காஃபீன் (Kaffeine) செயலியோ போதும். கையால் எழுத நேர்ந்தால் ஒளிபரப்பு முறையை டி.வி.பி.-டி2 என்றும் அகலத்தை 8 மெகாஹெர்ட்ஸ் என்றும் கொடுங்கள். 21ஆம் தடத்தின் மையம் 474 மெகாஹெர்ட்ஸ், அதிலிருந்து ஒவ்வொரு தடத்துக்கும் 8 கூட்டிக்கொண்டே போகலாம். ட்யூனர் இருந்தும் திறக்க முடியவில்லை என்ற செய்தி வந்தால், உங்கள் பயனர் பெயரை வீடியோ குழுவில் சேர்த்துவிட்டு மீண்டும் உள்நுழையுங்கள்.

படம் எச்.264 குறியாக்கத்தில் வருகிறது. எச்.டி. அலைவரிசைகள் 1080 வரிகளை இடைப்பின்னலாக அனுப்புவதால், பந்து ஓடும்போது ஓரங்கள் சீப்புப் பல்போல் தெரியும், வி.எல்.சி.யில் டீஇன்டர்லேஸை இயக்கி யாடிஃப் முறையைத் தேர்ந்தால் அது மறையும். பழைய கணினியென்றால் வி.ஏ.ஏ.பி.ஐ. (VA-API) என்ற இடைமுகம் வழியாகக் கிராபிக்ஸ் சில்லிடம் வேலையை ஒப்படையுங்கள். உபுண்டுவில் இதற்குத் தடை இல்லை. ஃபெடோரா வைத்திருக்கும் நண்பர்கள் ஆர்.பி.எம். ஃபியூஷன் களஞ்சியத்தைச் சேர்க்க வேண்டியிருக்கும்.

பார்ப்பதோடு நில்லாமல் பதிவும் செய்ய வேண்டுமென்றால் டிவிஹெட்எண்ட் (Tvheadend) என்ற பதிவு மென்பொருளை ஒரு பழைய மேசைக்கணினியில் நிறுவுங்கள். 9981ஆம் வாயிலில் (போர்ட்டில்) உலாவி வழியே எல்லாம் அமைக்கலாம், வீட்டிலுள்ள எந்தக் கைப்பேசியிலும் பார்க்கலாம். நிகழ்ச்சி நிரல் மலாயில்தான் வரும். தமிழ்ச் செய்தியை ‘பெரிதா தமிழ்’ (மலாயில் ‘பெரிதா’ என்றால் செய்தி) என்று தேடித் தானாகப் பதிவாகும்படி சொல்லிவிட்டால், ஆலையில் மாலை ஷிஃப்ட் முடித்து வருகிற எனக்கு அது காத்திருக்கும். வினாடிக்கு 6 மெகாபிட் என்று கொண்டால் ஒரு மணி நேரப் பதிவு 2.7 கிகாபைட் பிடிக்கும்.

அஸ்ட்ரோவைப் பற்றி ஒன்று: அது செயற்கைக்கோள் வழி வருவது, குறியீடிட்டுப் பூட்டியது, எந்த ட்யூனர் வாங்கினாலும் லினக்ஸில் திறவாது. அஸ்ட்ரோவின் தமிழ் அலைவரிசைகளான வானவில்லும் விண்மீனும் பார்த்தே ஆக வேண்டும் என்று வீட்டில் கேட்டால் அவர்களுடைய பெட்டிதான் வழி. டிவி2 தமிழ்ச் செய்தியும் இடையிடையே வரும் தமிழ்ப் படங்களும் போதுமென்றால், உரிமக் கட்டணமோ மாதக் கட்டணமோ இல்லாமல் காலம் தள்ளலாம்.

புதிய ட்யூனருக்குப் பணம் கட்டுமுன் அதன் மாதிரி எண்ணை எனக்கு அனுப்புங்கள், சில்லு எது என்று பார்த்துச் சொல்கிறேன். ஏணி என்னிடம் இருக்கிறது. வரும் ஞாயிறு காலை ஷிஃப்ட் இல்லை. வீட்டுக்காரரிடம் கூரையேற அனுமதி மட்டும் வாங்கி வையுங்கள், கூரை அஸ்பெஸ்டாஸா ஓடா என்றும் கேட்டுவிடுங்கள்.