கேட்டருகே ஒரு மெக்கானிக் – கடிதம்

அன்புள்ள ஐயா,

எங்கள் ஊர் தாராபுரம் பக்கம். அப்பா ராணுவத்தில் 24 ஆண்டுகள் சிக்னல்ஸ் பிரிவில் இருந்துவிட்டு ஹவில்தாராக ஓய்வு பெற்று வந்தவர். இந்தக் குடியரசு தினத்துக்குப் பக்கத்தில் ஒரு தனியார் பள்ளியில் கூப்பிட்டிருந்தார்கள். மேடையில் உட்காரவைத்துப் பொன்னாடை போர்த்தினார்கள். நானும் அம்மாவும் கீழே உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தோம். விழா முடிந்து டீ குடிக்கும்போது தாளாளர் அப்பாவிடம் வந்து, "ஏனுங்க, நம்ம கேட்டுல இருந்த ஆளு வேலைய விட்டு நின்னுட்டாருங்க. நீங்க வந்து நின்னா ஸ்கூலுக்கே ஒரு கெத்து" என்றார். அப்பா சிரித்தபடி "பாக்கலாமுங்க" என்று சொல்லிவிட்டு வந்துவிட்டார். எனக்குத்தான் இன்னும் ஆறவில்லை. வெளிநாட்டில் விமான நிலையத்தில் ராணுவத்தினரைப் பார்த்தால் எழுந்து நின்று கைதட்டுகிறார்களாம். நம் மக்களுக்கு மரியாதை தெரியவில்லையா, அல்லது அரசே இவர்களைக் கைவிட்டுவிட்டதா?

(பெயர் வேண்டாம்)

அன்புள்ள வாசகிக்கு,

அந்தத் தாளாளர் உங்கள் அப்பாவை அவமானப்படுத்த நினைக்கவில்லை. அந்தக் 'கெத்து' அவர் மனதாரச் சொன்னதுதான். எனக்கு உறுத்துவதும் அதுதான். கேட்டில் நிற்பது கேவலமான வேலை இல்லை. ஆனால் 24 வருஷம் ஒயர்லெஸ்ஸும் கேபிளுமாகப் புழங்கிய ஒருவரைப் பார்த்ததும் அவருக்கு கேட்தான் ஞாபகம் வந்திருக்கிறது. அந்தப் பள்ளியில் சிசிடிவி கேமரா கெட்டுப்போனால் யாரைக் கூப்பிடுகிறார்கள் என்று விசாரித்துப் பாருங்கள்.

எங்கள் பெரியப்பா மகன் ஒருவர், எனக்கு அண்ணன், 1983இல் பட்டாளத்துக்குப் போனார். ராணுவ வண்டிகளைப் பழுதுபார்க்கும் பிரிவில் வெஹிகிள் மெக்கானிக். சக்திமான் லாரி என்ஜினைப் பிரித்து மாட்டியவர். லடாக் குளிரில் டீசல் கூழாகிப்போகும், அடியில் சூடு காட்டி வண்டியைக் கிளப்புவோம் என்று விடுமுறையில் வரும்போது கதை சொல்வார். 22 வருஷம் முடித்து 2005இல் ஊருக்கு வந்தபோது அவருக்கு 41 வயது. அந்த வயதில்தான் இங்கே ஒருவன் கொஞ்சம் கடன் அடைத்து, சொந்தமாக இரண்டு தறி போட்டு, தொழிலில் நிமிர்வான். இவரைப் பார்த்து ஊர், "உனக்கென்னப்பா, உக்காந்து சாப்பிடலாம், பென்சன் வருது" என்றது. தோட்டத்துக் கிணற்றில் தண்ணீர் முறையை அவர் இல்லாமலேயே இருபது வருஷமாகப் பிரித்துப் பழகியிருந்தார்கள். சண்டையெல்லாம் இல்லை. அவருக்கு ஒரு முறை ஒதுக்க வேண்டும் என்று யாருக்கும் தோன்றவில்லை, அவ்வளவுதான். விருந்தாளியைப் போல மரியாதையாகத்தான் நடத்தினார்கள். கேன்டீன் சரக்கு ஒரு பாட்டில் கிடைக்குமா என்று கேட்டவர்களும் 'மாமா, மச்சான்' என்று மரியாதையோடுதான் கேட்டார்கள்.

வேலை தேடிக் கோவையில் ஒரு பம்ப் கம்பெனிக்குப் போனார். முதலாளி எழுந்து நின்று கைகூப்பி, டீ வரவழைத்துக் கொடுத்து, கேட்டில் சூப்பர்வைசராகச் சேர்த்துக்கொண்டார். உள்ளே லேத்துக்கும் மெயின்டனன்ஸுக்கும் ஆள் கிடைக்காமல் திண்டாடிக்கொண்டிருந்த காலம் அது. ஒருமுறை அவரைப் பார்க்கப் போயிருந்தேன். நீலச் சட்டையும் லத்தியுமாக பிளாஸ்டிக் நாற்காலியில் இருந்தார். கேட்டுக்குள் ஒரு லோடு லாரி நுழைந்தது. நோட்டில் வண்டி எண்ணை எழுதிக்கொண்டே, தலையைக்கூட நிமிர்த்தாமல் டிரைவரிடம், "தம்பி, ஒரு சிலிண்டர் அடிக்கல. இன்ஜெக்டரப் பாரு" என்றார். டிரைவர் அவரையும் லத்தியையும் மாறிமாறிப் பார்த்துவிட்டுப் பதில் சொல்லாமல் வண்டியை உள்ளே எடுத்துப்போனான்.

வேலூர்ப் பக்கம் கம்மவான்பேட்டையை 'ராணுவப்பேட்டை' என்றே சொல்வார்கள். வீட்டுக்கு ஒருவர் பட்டாளத்தில் இருப்பதால், திரும்பி வருகிறவர் என்ன தெரிந்துகொண்டு வருகிறார் என்பது அங்கே திண்ணையில் உட்கார்ந்திருப்பவருக்கும் தெரியும். கொங்கு நாட்டில் அப்படி இல்லை. நாமக்கல்லில் லாரிக்கு பாடி கட்டுகிறோம், திருச்செங்கோட்டு ரிக் வண்டியை வடக்கே வரைக்கும் அனுப்பி போர் போடுகிறோம், கோவையில் மோட்டார் செய்கிறோம். கையில் தொழில் இருக்கிறவனை இந்த ஊர்போல மதிக்கிற ஊர் இல்லை என்று நாமே பீற்றிக்கொள்வோம். ராணுவத்தில் கற்ற தொழில் மட்டும் எப்படியோ நம் கணக்கில் ஏறுவதில்லை. அது ஏதோ துப்பாக்கி சம்பந்தப்பட்ட விஷயம் என்று நினைத்துவிடுகிறோம்.

அரசும் ஏறத்தாழ இந்தக் கண்ணோடுதான் பார்க்கிறது. தமிழ்நாட்டில் முன்னாள் படைவீரர்களுக்காக டெக்ஸ்கோ என்ற கழகத்தை 1986இல் தொடங்கினார்கள். நல்ல காரியம், எத்தனையோ வீட்டில் அதனால் அடுப்பெரிகிறது. ஆனால் அது கொடுக்கிற வேலையில் பெரும்பகுதி காவல் பணிதான். மத்திய அரசு வேலைகளில் 'சி' பிரிவில் 10 சதவீதமும் பழைய 'டி' பிரிவில் 20 சதவீதமும் இவர்களுக்கு ஒதுக்கீடு உண்டு. நிரம்புவது அதில் சிறு பங்குதான்.

கைவிட்டுவிட்டது என்று மட்டும் நான் சொல்ல மாட்டேன். பென்சன் வருகிறது, 2003இல் வந்த இசிஎச்எஸ் மருத்துவத் திட்டம் இருக்கிறது, கேன்டீன் இருக்கிறது. பக்கத்துத் தோட்டத்துக்காரருக்கு இதில் ஒன்றுகூடக் கிடையாது, அவருடைய பொறாமையும் நியாயம்தான். ஒரே பதவிக்கு ஒரே ஓய்வூதியம் கேட்டு 2015 ஜூனில் டெல்லி ஜந்தர் மந்தரில் கிழவர்கள் போராட்டத்தில் உட்கார்ந்தார்கள். அந்த நவம்பரில் உத்தரவு வந்தது. ஐந்தாண்டுக்கு ஒருமுறை திருத்துவோம் என்றார்கள். முதல் திருத்தத்தின் நிலுவையைக் கொடுக்கவே 2023இல் உச்ச நீதிமன்றம் தேதி குறித்துக் கொடுக்க வேண்டியிருந்தது. கிடைக்கிறது, ஆனால் கேட்டுக் கேட்டுத்தான் கிடைக்கிறது.

கைதட்டல் விஷயத்துக்கு வருகிறேன். நமக்கும் ஒரு நாள் இருக்கிறது. ஃபீல்ட் மார்ஷல் கரியப்பா 1953இல் ஓய்வு பெற்ற ஜனவரி 14ஐ முன்னாள் படைவீரர் நாளாக வைத்திருக்கிறார்கள். நமக்கு அன்று பொங்கல், இல்லாவிட்டால் போகி. பூளைப்பூவும் வேப்பிலையும் வைத்துக் காப்புக் கட்டுகிற அவசரத்தில் அன்று யார் யாருக்குக் கைதட்டுவது? தட்டாவிட்டாலும் குடி முழுகிவிடாது. எழுந்து நிற்பதும் பொன்னாடையும் நமக்குச் சுலபம், மேடை போட நம்மை அடிக்க ஆளில்லை. கஷ்டம் மேடையிலிருந்து இறங்கிய பிறகுதான்.

அண்ணன் கதையில் இன்னொரு பாதி இருக்கிறது. ராணுவத்தினர் பென்சனில் பாதிவரை கம்யூட் செய்து மொத்தமாகப் பணம் வாங்கலாம். 15 வருஷம் கழித்துத்தான் முழுப் பென்சன் திரும்ப வரும். கையில் மொத்தப் பணம் இருக்கிற மிலிட்டரிக்காரர் என்றால் நம் பக்கத்தில் தேடிக்கொண்டு வருவார்கள். அண்ணன் ஈமு கோழியில் போட்டார். 2012இல் பெருந்துறைப் பக்கம் அந்தக் கம்பெனிகள் கவிழ்ந்தபோது பட்டினி கிடந்த பறவைகளுக்கு அரசே தீவனம் போட வேண்டியிருந்தது. அண்ணனின் பணத்துக்குத் தீவனம் போட யாரும் வரவில்லை. சந்தேகம் வராத இடத்தில் அத்தனை வருஷம் இருந்துவிட்டு வந்தவர். 'ஏமாத்த மாட்டாங்க, நம்ம ஆளுக' என்றுதான் கடைசிவரை சொன்னார்.

இதை இப்போது சொல்லக் காரணம், ராணுவத்துக்கு நான்கு ஆண்டுக்கு மட்டும் ஆளெடுக்க 2022இல் வந்த அக்னிபத் திட்டத்தின் முதல் அணிக்கு 2026 கடைசியில் நான்கு ஆண்டு முடிகிறது. திட்டப்படி நிரந்தரமாக எடுக்கப்படுவது அதிகபட்சம் கால் பங்குதான். மற்றப் பையன்கள் இருபதுகளிலேயே, சுமார் 11.71 லட்சம் ரூபாயோடும் பென்சன் இல்லாமலும் ஊருக்கு வருவார்கள். அவர்களைத் தேடி முதலில் யார் போவார்கள் என்பதை நினைத்தால் எனக்குக் கொஞ்சம் பயமாகத்தான் இருக்கிறது.

அண்ணன் எப்படி கேட்டைத் தாண்டினார் தெரியுமா? இந்தி மொழியால். நம் ஊரில் எவ்வளவு பேசியிருக்கிறோம் அதைப் பற்றி! பீகார், ஒடிசா பையன்கள் கம்பெனியில் நிறைந்ததும் ஃபோர்மேன் சொல்வது அவர்களுக்குப் புரியாமல் வேலை நின்றது. கேட்டிலிருந்த அண்ணனைப் பேச்சுக்குக் கூப்பிட்டார்கள். பேச உள்ளே போனவர் மெஷினைப் பார்த்துவிட்டு நிற்க முடியாமல் ஸ்பேனரை வாங்கியிருக்கிறார். அதன்பிறகு கேட்டுக்கு வேறு ஆள் போட்டார்கள்.

சரி, உங்கள் அப்பாவுக்கு வருவோம். சொந்தமாக ஏதாவது செய்யும் எண்ணம் அவருக்கு இருந்தால், 2024 சுதந்திர தினத்தில் அறிவித்த 'முதல்வரின் காக்கும் கரங்கள்' திட்டத்தை விசாரிக்கச் சொல்லுங்கள். ஒரு கோடி ரூபாய் வரைக்கும் வங்கிக் கடன், 30 சதவீதம் மானியம். டிஸ்சார்ஜ் புத்தகத்தை எடுத்துக்கொண்டு மாவட்ட முன்னாள் படைவீரர் நல அலுவலகத்துக்குப் போனால் போதும். கேட் வேலைக்கே போகிறேன் என்று அவர் சொன்னாலும் தடுக்காதீர்கள், அது அவர் இஷ்டம்.

அப்புறம் ஒன்று, இதை இந்த வாரமே செய்யுங்கள். பென்சன் உத்தரவில் உங்கள் அம்மாவின் பெயர் எப்படி இருக்கிறது என்று எடுத்துப் பாருங்கள். எங்கள் ஊரில் ஒரு அம்மாவுக்கு ஆதாரில் கருப்பாத்தாள். அந்தக் காலத்தில் வடக்கத்திய எழுத்தர் காதில் விழுந்தபடி எழுதியதில் அவர் கருப்பாயி. கணவர் போன பிறகு இரண்டும் ஒரே ஆள்தான் என்று நிரூபிக்க அவருக்குப் பதினான்கு மாதம் ஆனது. அதுவரை காசு வரவில்லை. அப்பா இருக்கும்போதே எழுதிக் கொடுத்துத் திருத்தினால் வேலை சுலபம். பிறந்த தேதியையும் சேர்த்துப் பார்த்துவிடுங்கள்.

அன்புடன்.