அடித்துப் போட்ட விலை: ரெட் ஒயின் கேள்வி-பதில்

ஜூன், ஜூலை குளிர் வந்துவிட்டால் ஆஸ்திரேலியக் கடைகளில் ரெட் ஒயின் பெட்டிகள் வாசல்வரை வந்துவிடும். கூடவே எனக்குக் கடிதங்களும். இந்த முறை பாதிக்கு மேல் தள்ளுபடி பற்றித்தான்.

கேள்வி: 25 டாலர் ஷிராஸ் இப்போது 12 டாலருக்குக் கிடைக்கிறது. வாங்கலாமா? (பாரமட்டா வாசகர்)

எந்த ஷிராஸ்? அது ஒரு கறுப்புத் திராட்சை வகையின் பெயர்தான். யார் தயாரித்தது, எந்த ஊர்த் திராட்சை, எந்த ஆண்டு அறுவடை, ஒன்றுமே எழுதவில்லை. ‘பட்டுப்புடவை பாதி விலைக்குக் கிடைக்கிறது, எடுக்கலாமா’ என்று கடிதம் போட்டுக் கேட்பதுபோல இருக்கிறது. அந்த 25-ஐ மறந்துவிடுங்கள். 12 டாலருக்குத் தகுமா என்று மட்டும் பாருங்கள். முதலில் ஒரு பாட்டில், பெட்டி அப்புறம்.

கேள்வி: நல்ல பெயருள்ள ரெட் ஒயின்கூட இவ்வளவு மலிவாகக் கிடைக்கிறதே, ஏதாவது கெட்டுப்போன சரக்கா? (டாண்டினாங்)

கெட்டுப்போகவில்லை, தேங்கிப்போனது. 2020 நவம்பரில் சீனா ஆஸ்திரேலிய பாட்டில் ஒயின்மீது தற்காலிக வரி போட்டது. 2021 மார்ச்சில் அது நிலையாகி, 116-லிருந்து 218 சதவீதம் வரை போனது. அதுவரை சீனாதான் மிகப் பெரிய வாடிக்கை, அதுவும் ரெட் ஒயினுக்கு. 2023 நடுவில் நாடு முழுக்கத் தொட்டிகளில் 200 கோடி லிட்டருக்கு மேல் கிடந்தது. சுமார் இரண்டு வருட உற்பத்தி. நியூ சவுத் வேல்ஸின் கிரிஃபித் பக்கம் ரெட் திராட்சை டன் 650 டாலரிலிருந்து 300-க்கு விழுந்தது. காய்த்துத் தொங்கிய கொடிகளைச் சிலர் வேரோடு பிடுங்கிப் போட்டார்கள்.

2024 மார்ச் இறுதியில் வரி நீங்கியது. ஆனால் ஏரி நிரம்பிய மாதிரி நிரம்பியது ஒரே நாளில் வடியுமா? அதனால் பரோஸா, மெக்லாரன் வேல் என்று ஊர்ப் பெயர் போட்ட ஒயின்களே இறங்கிய விலைக்குக் கிடைக்கின்றன. நமக்கு லாபம்தான். ஒன்றை மட்டும் பாருங்கள்: பத்து டாலர் ரெட்டில் ஆறேழு வருடப் பழைய ஆண்டு போட்டிருந்தால் தொடாதீர்கள். அந்த விலை ஒயின் இரண்டு, மூன்று வருடத்துக்குள் குடித்து முடிக்கச் செய்தது.

கேள்வி: லேபிளில் ‘சவுத் ஈஸ்டர்ன் ஆஸ்திரேலியா’ என்று இருக்கிறது. அது எந்த ஊர்? (பெர்த்)

ஊரே இல்லை. நியூ சவுத் வேல்ஸ், விக்டோரியா, டாஸ்மேனியா முழுவதும், சவுத் ஆஸ்திரேலியாவிலும் குயின்ஸ்லாந்திலும் கொஞ்சமும் அடங்கிய ஒரு மாபெரும் எல்லை. நாட்டின் திராட்சையில் பெரும்பகுதி அதற்குள் வந்துவிடும். நடைமுறையில், மரே ஆற்றுத் தண்ணீர் பாயும் ரிவர்லாண்ட், மரே டார்லிங், அப்புறம் ரிவரினா ஆகிய உள்நாட்டுப் பகுதிகளின் கலவை என்று வைத்துக்கொள்ளுங்கள். மோசம் என்று பொருளல்ல, எட்டு டாலருக்குச் சரி. அதே எழுத்து 20 டாலர் பாட்டிலில் இருந்தால் ஏன் என்று கேளுங்கள். ஊர், திராட்சை, ஆண்டு இவற்றில் எதை லேபிளில் போட்டாலும் உள்ளே 85 சதவீதமாவது அதுவாக இருக்க வேண்டும் என்பது சட்டம். சின்ன ஊர்ப் பெயர் போடுகிறவர் தன் கையைத் தானே கட்டிப்போட்டுக்கொள்கிறார், வேறு ஊர்த் திராட்சையை அதிகம் கலக்க முடியாது. அதற்குத்தான் மதிப்பு.

கேள்வி: மூன்று பதக்கம் ஒட்டியிருக்கிறது, அதனால் நம்பி வாங்கினேன். சுமார்தான். (மெல்பர்ன்)

என்ன பதக்கம்? ஒயின் போட்டிகளில் நூறுக்கு 95 வாங்கினால் தங்கம், 90-க்கு வெள்ளி, 85-க்கு வெண்கலம். ஓட்டப்பந்தயம் மாதிரி ஒருவருக்குத்தான் தங்கம் என்பதில்லை, மதிப்பெண் எடுத்த எல்லாருக்கும் உண்டு. வெண்கலம் என்றால் ‘குறை சொல்ல ஒன்றுமில்லை’, அவ்வளவுதான். பதக்கம் கிடைத்த ஆண்டும் உங்கள் கையிலுள்ள பாட்டிலின் ஆண்டும் ஒன்றுதானா என்று பாருங்கள். எந்தப் போட்டி என்றே எழுதாத வட்டமான தங்கக் காகிதங்களும் சுற்றுகின்றன. அவை வெறும் அலங்காரம்.

கேள்வி: தொலைபேசியில் ஒரு நிறுவனம் 300 டாலர் மதிப்புள்ள பன்னிரண்டு ரெட் ஒயின்களை 99 டாலருக்கு வீட்டுக்கே அனுப்புவதாகச் சொல்கிறது. 201 டாலர் மிச்சம்தானே? (பிளாக்டவுன்)

இந்த மிச்சக் கணக்கைக் கேட்டாலே எனக்கு ரத்தம் கொதிக்கும். பொறுமையாகச் சொல்லிப் பார்க்கிறேன்.

99-ஐப் பன்னிரண்டால் வகுத்தால் பாட்டில் எட்டே கால் டாலர். அதில் ஜிஎஸ்டி முக்கால் டாலர். ஒயினுக்கென்று இருக்கும் 29 சதவீத வரி மொத்த விலைமீது விழுவது, அது ஒரு டாலருக்குக் கொஞ்சம் மேல். கண்ணாடி, மூடி, லேபிள், அட்டைப்பெட்டி எல்லாம் ஒன்றரை டாலர் என்று வையுங்கள். உங்கள் வீட்டு வாசல்வரை தூக்கி வர ஒரு டாலர். உங்களுக்குப் போன் போட்டுத் தேனொழுகப் பேசியவருக்குச் சம்பளம் வேண்டாமா? அவர் முதலாளிக்கு லாபம் வேண்டாமா? கழித்துப் பார்த்தால் உள்ளே இருக்கும் ஒயினுக்கு இரண்டு, இரண்டரை டாலர் மிஞ்சலாம்.

சரி, அந்த விளம்பரத் தாளில் ‘பிரெஞ்சு ஓக் பீப்பாயில் முதிர்ந்தது’ என்று எழுதியிருக்கும், பாருங்கள். ஒரு புதுப் பிரெஞ்சு பீப்பாய் சுமாராக 1,500 டாலர். 225 லிட்டர் பிடிக்கும், அதாவது 300 பாட்டில். பாட்டிலுக்கு ஐந்து டாலர் மரத்துக்கே போய்விடும். இரண்டரை டாலர் ஒயினுக்குள் ஐந்து டாலர் மரம் எப்படி நுழையும்? ஓக் சில்லைத் துணிப்பையில் கட்டித் தொட்டிக்குள் போட்டிருப்பார்கள், டீத்தூள் பை மாதிரி. தப்பில்லை, சட்டமும் அனுமதிக்கிறது. ஆனால் பீப்பாய் என்று நினைத்துக்கொண்டு காசு கொடுக்காதீர்கள்.

நானும் ஏமாந்தவன்தான், ஒளிக்கவில்லை. ஒரு ஜனவரி மாதம் இப்படி ஒரு பெட்டி வாங்கினேன். பன்னிரண்டு பெயர், பன்னிரண்டு படம். ஒன்றில் கழுகு, ஒன்றில் தாத்தா, ஒன்றில் பழைய கல் வீடு. நான்காவது பாட்டிலைத் திறந்தபோது, இதை நேற்றே குடித்தோமே என்று தோன்றியது. எல்லாவற்றையும் சமையல் மேடையில் வரிசையாக நிற்கவைத்து, முதுகைத் திருப்பிப் பொடி எழுத்தைப் படித்தேன். ஏழு பாட்டிலில் ஒரே முகவரி. தாத்தாவுக்கும் கழுகுக்கும் ஒரே தபால் பெட்டி!

‘300 டாலர் மதிப்பு’ என்றால் யாராவது ஒருவர் எங்காவது ஒருநாள் 300 கொடுத்து வாங்கியிருக்க வேண்டும். ஒயினின் பெயரைத் தேடிப் பாருங்கள். அந்த ஒரு நிறுவனத்தைத் தவிர வேறு எந்தக் கடையிலும் இல்லையென்றால், பாட்டிலுக்கு 25 டாலர் என்பது விலையல்ல, கற்பனை. அந்த ஒயின் எட்டு டாலருக்கு நேர்மையான ஒயினாக இருக்கலாம். என் பெட்டியிலும் இரண்டு நன்றாகவே இருந்தன. நீங்கள் மிச்சம் பிடித்தது 201 அல்ல, சுழியம். செலவழித்தது 99.

நிஜத் தள்ளுபடி எப்படி இருக்கும் தெரியுமா? வின்ஸ் கூனவாரா பிளாக் லேபிள் கேபர்னே என்ற ரெட் ஒயின் 1954-லிருந்து வருகிறது. ஊரெல்லாம் விற்கிறது, வழக்கமான விலை எல்லாருக்கும் தெரியும். அது கால்வாசி விலை இறங்கினால் அது தள்ளுபடி. அப்போதும் முதலில் ஒரு பாட்டில்.

கேள்வி: விலை தெரிந்தால் நாக்கு ஏமாறுகிறது. எப்படித்தான் சுவைத்து மதிப்பிடுவது? (அடிலெய்டு)

இதுதான் கேள்வி. மூன்று பாட்டில் எடுங்கள், 10, 15, 25 டாலரில், ஒரே திராட்சை. வேறொருவரை விட்டு, லேபிள் தெரியாதபடி ஒவ்வொன்றுக்கும் காலுறை மாட்டச் சொல்லுங்கள் (துவைத்தது!). அரை மணி நேரம் ஃப்ரிட்ஜில் வைத்து 16, 17 டிகிரிக்குக் கொண்டுவாருங்கள். ‘அறை வெப்பநிலை’ என்று சொன்னவர் அடிலெய்டு ஜனவரியைப் பார்த்ததில்லை.

வாயில் வைத்ததும் மலிவு ஒயின் பெரும்பாலும் ஜெயிக்கும். பழமும் லேசான இனிப்பும் முன்னால் வந்து நிற்கும். அவசரப்படாதீர்கள். விழுங்கிவிட்டு மனதுக்குள் பத்துவரை எண்ணுங்கள். நான்கில் காணாமல் போய்விட்டதா, பத்திலும் நிற்கிறதா? துவர்ப்பு நெல்லிக்காய் மாதிரி ஈறெல்லாம் பரவி அடங்குகிறதா, நாக்கின் நடுவில் மரத்தூள்போல உட்கார்ந்துகொள்கிறதா? மறுநாள் மிச்சத்தைக் குடித்துப் பாருங்கள். முதல் நாள் ஜெயித்தது மறுநாள் தட்டையாகி, தோற்றது எழுந்து நிற்பதைப் பலமுறை பார்த்திருக்கிறேன்.

கேள்வி: ஆட்டுக்கறிக் குழம்போடு பரோஸா ஷிராஸ் குடித்தேன். வாய் எரிந்தது. ஒயினில் கோளாறா? (வெஸ்ட்மீட்)

குழம்பில் மிளகாய், பாட்டிலில் 15 சதவீத ஆல்கஹால், வேறென்ன ஆகும்? ஆல்கஹால் காரத்தை ஏற்றிவிடும், கூடத் துவர்ப்பும் சேர்ந்தால் கேட்கவே வேண்டாம். மெக்லாரன் வேல் கிரெனாஷை (அதுவும் ஒரு ரெட் திராட்சை வகை) லேசாகக் குளிரவைத்துக் குடியுங்கள். நுரை பொங்கும் ஷிராஸும் (ஸ்பார்க்லிங்) பொருந்தும். அது ஆஸ்திரேலியாவின் சொந்தச் சரக்கு, கொஞ்சம் இனிப்பும் உண்டு. அப்புறம், 15 சதவீத பாட்டில் ஒன்றில் கிட்டத்தட்ட ஒன்பது ஸ்டாண்டர்ட் டிரிங்க் (ஒன்றுக்குப் பத்து கிராம் ஆல்கஹால்) இருக்கிறது. இருவராகக் காலி செய்துவிட்டுக் காரைத் தொடாதீர்கள்.

கேள்வி: திருகு மூடியைத் திறந்ததும் தீக்குச்சி கிழித்த வாடை. திருப்பிக் கொடுக்கவா? (கேன்பரா)

ஒரு ஜாடியில் உயரத்திலிருந்து ஊற்றி, கால் மணி நேரம் விடுங்கள். காற்றுப் பட்டதும் பெரும்பாலும் போய்விடும். போகவில்லை என்றால் திருப்பிக் கொடுங்கள். செம்பு அந்த வாடையை எடுக்கும் என்று யாரோ சொன்னதை நம்பிச் செம்புச் சொம்பில் ஊற்றி வைக்காதீர்கள். புளிப்பானதைச் செம்பில் வைக்கக் கூடாது என்று பாட்டி சொன்னது ஒயினுக்கும்தான். கார்க் போட்ட பாட்டிலில் நனைந்த அட்டைப்பெட்டி வாடை வந்தால் கதை வேறு. அது கார்க் கோளாறு, காற்றில் போகாது. ரசீதோடு கடைக்குப் போங்கள்.

கேள்வி: லேபிளே இல்லாத கிளீன்ஸ்கின் பாட்டில்? (ஜீலாங்)

சீட்டாட்டம். சில சமயம் நல்ல தயாரிப்பாளரின் மிஞ்சிய சரக்கு, சில சமயம் யாருக்கும் வேண்டாதது. பெயர்தான் இருக்காது, ஆல்கஹால் அளவும் ஒரு முகவரியும் இருந்தாக வேண்டும், அதைப் படியுங்கள். முதலில் ஒரு பாட்டில்.

கேள்வி: தள்ளுபடியில் ஆறு பெட்டி வாங்கி கராஜில் வைத்திருக்கிறேன். பத்து வருடம் கழித்து விலை ஏறுமா? (பிரிஸ்பேன்)

ஏறாது. பிரிஸ்பேன் கராஜில் வெந்துபோகும். இன்றைக்கே வீட்டுக்குள் கொண்டுவந்து, இருட்டான அலமாரியில் வையுங்கள். 72 பாட்டில் வாங்குவதற்கு முன்னால் ஒன்றையாவது திறந்து பார்த்தீர்களா என்பதை எழுதவில்லையே?

கேள்வி: திறந்த ரெட் ஒயின் எத்தனை நாள் தாங்கும்? (ஹோபார்ட்)

மூடி போட்டு ஃப்ரிட்ஜில், மூன்று நாள். ஆமாம், ரெட்டும் ஃப்ரிட்ஜில்தான். அதற்குமேல் போனது குழம்புக்கு.