ஓடும் நீரின் வேகமும் அழுத்தமும்: கேள்வி பதில்

நீர்மின் நிலையத்தில் பணியாற்றி ஓய்வு பெற்றவன் என்ற முறையில், வந்த கேள்விகளுக்கு இயன்றவரை விடையளிக்கிறேன்.

பிளஸ் ஒன் மாணவி, கூடலூர்: ஐயா, சீரான ஓட்டத்தில் திசைவேகம் மாறாது என்று படித்தேன். பிறகு முடுக்கம் எங்கிருந்து வருகிறது?

மாறாமல் இருப்பது ஓரிடத்தின் திசைவேகமே தவிர, அவ்விடத்தைக் கடந்து செல்லும் நீரின் திசைவேகம் அன்று. கல்லட்டி மலைப்பாதையில் ஒரு கொண்டை ஊசி வளைவில் நிற்கிறீர்கள், கடக்கும் வண்டிகள் எல்லாம் அங்கே 15 கி.மீ. வேகத்திலேயே செல்கின்றன என்று வைத்துக்கொள்வோம். உங்கள் கண்ணுக்கு எதுவும் மாறவில்லை, ஆனால் ஒவ்வோர் ஓட்டுநரும் வளைவுக்கு முன் வேகத்தைக் குறைத்து, தாண்டியபின் கூட்டுகிறார்.

4 செ.மீ. விட்டமுள்ள குழாய் 2 செ.மீ. ஆகக் குறுகினால் பரப்பு நான்கில் ஒன்றாகிறது. வினாடிக்கு 1 மீட்டர் சென்ற நீர் 4 மீட்டர் செல்லவேண்டும். இம்மாற்றம் 10 செ.மீ. நீளத்துக்குள் நிகழ்ந்தால் சராசரி முடுக்கம் 75 மீ/வி², அதாவது புவியீர்ப்பு முடுக்கத்தைப்போல் ஏழு மடங்குக்கும் மேல். அத்தனைக்கும், குழாயில் பொருத்திய அழுத்தமானியின் முள் அசையாது.

ஆசிரியர், கொடைக்கானல்: வேகம் கூடுவதால்தான் அழுத்தம் குறைகிறதா?

காரணத்தைத் திருப்பிப் போட்டுப் பாருங்கள். பின்னால் அழுத்தம் மிகுந்தும் முன்னால் குறைந்தும் இருப்பதால்தான் நீர் முன்னோக்கித் தள்ளப்பட்டு வேகம் பெறுகிறது. மேற்சொன்ன குழாயில் அந்த வேறுபாடு 7,500 பாஸ்கல், ஏறத்தாழ முக்கால் மீட்டர் உயர நீர் தரும் அழுத்தம். வேகத்தையும் அழுத்தத்தையும் கணித அறிஞர் பெர்னூலி 1738-இல் இணைத்துக் காட்டினார். அழுத்த வேறுபாடு முடுக்கத்தைத் தருவது கணித அறிஞர் ஆய்லர் 1757-இல் வெளியிட்ட சமன்பாடுகளில் நேரடியாகத் தெரிகிறது. நம் வகுப்பறைகள் முன்னவரோடு நின்றுவிடுவது என் நெடுநாள் மனக்குறை.

கோத்தகிரி வாசகர்: வளைந்தோடும் நீரின் வேகம் மாறாவிட்டால் முடுக்கம் இல்லைதானே?

உண்டு, திசை மாறுகிறதே. வளைவின் வெளிப்புறம் அழுத்தம் கூடுவதால், ஓடையில் அந்தக் கரையோரம் நீர்மட்டம் சற்றே உயரும்.

கேரட் விவசாயி, கேத்தி: ஓஸ் வாயைக் கட்டைவிரலால் அடைத்தால் நீர் வேகமாகப் பீய்ச்சுகிறது, ஆனால் விரலில் அழுத்தம் கூடுவதை உணர்கிறேனே?

நீங்கள் உணர்வது உண்மை. அது பெர்னூலிக்கு முரணும் அன்று. மேட்டிலுள்ள தொட்டியிலிருந்து நூறு மீட்டர் ஓஸ் வழியே நீர் தாராளமாக ஓடும்போது, உயரம் தரும் அழுத்தத்தின் பெரும்பகுதி ஓஸின் உட்சுவர் உராய்விலேயே தீர்ந்துவிடுகிறது. வாயை அடைத்ததும் ஓட்டம் குறைகிறது, உராய்வு இழப்பும் குறைகிறது, மிஞ்சிய அழுத்தம் விரலுக்குப் பின்னால் வந்து நிற்கிறது. விரலிடுக்கைத் தாண்டி வெளியேறிய நீரிலோ வெறும் காற்றழுத்தம்தான். அந்த வித்தியாசமே பீய்ச்சும் வேகம். வாளி நிரப்ப விரலை எடுத்துவிடுங்கள். அடைத்தால் வேகம் கூடும், நீரின் அளவு கூடாது.

உதகை வாசகர்: பைக்காரா நீர்மின் நிலையத்தில் சக்கரத்தைச் சுழற்றுவது அழுத்தமா, வேகமா?

1932 முதல் மின்சாரம் தரும் அந்நிலையத்தில் இருப்பவை பெல்டன் சக்கரங்கள், அதாவது விளிம்பில் கிண்ணங்கள் பொருத்திய சுழலிகள். 900 மீட்டர் உயரத்துக்குக் கணக்கிட்டால், குழாயின் அடியில் ஏறத்தாழ 90 வளிமண்டல அழுத்தம். நீரின் வேகமோ சொற்பம். கூர்முனைக் குழலைக் கடக்கும் சிறு தொலைவில் அத்தனை அழுத்தமும் வேகமாக மாறி, இழப்புகளை நீக்கிப் பார்த்தால் வினாடிக்கு 130 மீட்டருக்கு மேல் பாயும் நீர்த்தாரைதான் சக்கரத்தின் கிண்ணங்களில் மோதுகிறது.