அம்பாசடரின் பிளைவீலைக் கடைந்து எடையைக் குறைக்கலாமா?

கேள்வி: எங்கள் ஐயா 1960களில் வாங்கிய அம்பாசடர் மார்க் 2 கார், 1489 சிசி பெட்ரோல் என்ஜினுடன் கானாடுகாத்தான் வீட்டில் இன்றும் ஓட்டத்தில் இருக்கிறது. கிளட்ச் பிளேட் மாற்றுவதற்காகக் கியர்பாக்ஸை இறக்கியிருக்கிறோம். இந்தச் சமயத்திலேயே பிளைவீலை லேத்தில் கடைந்து மூன்று கிலோ குறைத்துவிட்டால் பிக்கப் கூடும் என்று காரைக்குடி மெக்கானிக் சொல்கிறார். மதுரை சாலையில் லாரிகளை முந்தும்போதுதான் வண்டி திணறுகிறது. மற்றபடி கோயில்களுக்கும் கல்யாண வேலைகளுக்கும்தான் பயன்படுத்துகிறோம். கடையலாமா?

பதில்: உங்கள் வண்டிக்குக் கடைய வேண்டாம் என்பதே என் ஆலோசனை. மெக்கானிக் சொல்வதில் உண்மை இல்லாமல் இல்லை. ஆனால் அந்த உண்மை நீங்கள் குறைப்பட்டுக்கொள்ளும் இடத்தில் உதவாது, நீங்கள் குறைப்படாத இடத்தில் தொந்தரவு கொடுக்கும்.

பிளைவீல் என்பது என்ஜினின் கிராங்க் தண்டு முனையில் பொருத்தியிருக்கும் கனமான சக்கரம். அது சக்தியை உண்டாக்குவதில்லை; சேமித்துத் திருப்பிக் கொடுக்கிறது. நான்கு சிலிண்டர் என்ஜினில் கிராங்க் அரைச் சுற்றுக்கு ஒரு முறைதான் தள்ளு கிடைக்கிறது. ஒரு தள்ளுக்கும் அடுத்த தள்ளுக்கும் இடையில் பிஸ்டன்கள் காற்றை அழுத்துவதற்கான வேலையைச் செய்து முடிப்பது பிளைவீலில் தேங்கியிருக்கும் வேகம்தான். குயவர் கோலால் சுழற்றிவிடும் சக்கரம், கோலை எடுத்த பிறகும் மண்ணின் இழுப்பை மீறிச் சுழன்றுகொண்டே இருப்பதற்கு அதன் விளிம்பில் இருக்கும் கனமே காரணம் என்பதை மானாமதுரைப் பக்கம் பார்த்தவர்களுக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. விளிம்பு என்பது இங்கே முக்கியம்: மையத்திலிருந்து 14 சென்டிமீட்டர் தொலைவில் இருக்கும் ஒரு கிலோ, 7 சென்டிமீட்டர் தொலைவில் இருக்கும் ஒரு கிலோவைப்போல் நான்கு மடங்கு வேலை செய்கிறது. ஆகவே எத்தனை கிலோ குறைக்கிறோம் என்பதைவிட எங்கிருந்து குறைக்கிறோம் என்பதே கணக்கு.

அந்தக் கணக்கை உங்கள் வண்டியை ஒத்த ஒரு வண்டிக்குப் போட்டுப் பார்ப்போம். மையத்திலிருந்து 13 சென்டிமீட்டர் தொலைவில் மூன்று கிலோவைக் கடைந்து எடுப்பதாகவும், டயரின் ஆரம் 31 சென்டிமீட்டர் என்றும், முதல் கியரில் சக்கரம் ஒரு சுற்றுச் சுற்ற என்ஜின் 17 சுற்றுகளும் டாப் கியரில் நாலரைச் சுற்றுகளும் சுற்றுவதாகவும் வைத்துக்கொள்வோம். முதல் கியரில் வேகம் எடுக்கும்போது இது வண்டியிலிருந்து சுமார் 150 கிலோவை இறக்கிவைத்ததற்குச் சமம். டாப் கியரிலோ அதே மாற்றம் வெறும் 11 கிலோவுக்குத்தான் சமம். ஆட்களோடு சேர்த்து 1,400 கிலோ வரும் வண்டியில் 11 கிலோ என்பது, டிக்கியிலிருந்து ஓர் அரிசிப் பையை இறக்கிவைத்த அளவுகூட ஆகாது. மதுரை சாலையில் லாரியை முந்தும்போது திணறுகிறது என்று எழுதியிருக்கிறீர்கள்; அங்கே வண்டி டாப் கியரில்தான் ஓடும். அந்தத் திணறலை மூன்று கிலோ இரும்பு தீர்க்காது.

மாப்பிள்ளை அழைப்பில் நடப்பதற்கும் இதே கணக்கே பதில் சொல்கிறது. என்ஜின் நிமிடத்துக்கு 700 சுற்றில் ஐட்லிங்கில் இருக்க, முதல் கியரில் வண்டி மணிக்கு ஏறக்குறைய 5 கிலோமீட்டர் வேகத்தில் நகரும். நாதஸ்வரத்துக்குப் பின்னால் வரும் கூட்டம் அதைவிட மெதுவாகத்தான் நடக்கும் என்பதால், ஓட்டுபவர் கிளட்சை அரைகுறையாக மிதித்துக்கொண்டே வர வேண்டியிருக்கிறது. சேமிக்கும் ஆற்றல் வேகத்தின் வர்க்கத்துக்கு ஏற்ப மாறுவதால், 2,800 சுற்றில் பிளைவீலில் இருக்கும் ஆற்றலில் பதினாறில் ஒரு பங்குதான் 700 சுற்றில் இருக்கிறது. அந்த ஒரு பங்கிலும் கைவைத்தால் என்ஜின் குலுங்கும், கிளட்சை விடும்போது அணைந்துபோகும், அணையாமல் இருப்பதற்காக ஆக்ஸிலரேட்டரைக் கூடுதலாக மிதிப்பதில் புதிய கிளட்ச் பிளேட் கருகும். இப்படிக் கடையப்பட்ட பழைய பியட் ஒன்று என்னிடம் வந்தது. ஆயிரம் சுற்றுக்குக் கீழே அந்த என்ஜினை அமைதியாக நிறுத்திவைக்க முடியவில்லை, கனமான பிளைவீலைத் தேடிப் பிடித்துப் பொருத்திய பிறகுதான் அதன் உரிமையாளர் நிம்மதியானார்.

ஸ்டியரிங்கோடு இருக்கும் உங்கள் கை கியரையும் நினைத்துப் பாருங்கள். அது நிதானமாக மாற்ற வேண்டிய கியர். கனமான பிளைவீலில் என்ஜின் வேகம் மெல்ல இறங்குவதால், அடுத்த கியர் விழுவதற்குள் வேகம் பொருந்திவிடுகிறது. லேசான பிளைவீலில் வேகம் சடாரென்று விழுந்து, கிளட்சை விடும்போது வண்டி உதறும்.

பாதுகாப்பை நான் இன்னும் கவலையோடு சொல்ல வேண்டும். பழைய பிளைவீல் வார்ப்பிரும்பு. அரை நூற்றாண்டுக்கு மேல் கிளட்ச் சூட்டில் வெந்தது. அதன் உடலைத் தாறுமாறாக மெலிய வைத்தால், வேகத்தில் வெடித்துச் சிதறக்கூடும்; அது இருப்பது ஓட்டுபவரின் கால்களுக்கு அருகில். பந்தயத்துக்காக எடை குறைப்பவர்கள் இதற்காகவே எஃகில் புதிதாகச் செய்து பொருத்துகிறார்கள். கோயம்புத்தூர் காரி மோட்டார் ஸ்பீட்வே போன்ற தடத்தில், என்ஜின் வேகம் குறையவே குறையாமல் ஓடும் வண்டிக்கு லேசான பிளைவீல் சரியான தேர்வு. பிள்ளையார்பட்டி, இரணியூர், மாத்தூர் என்று நின்று நின்று போகும் வண்டிக்கு அல்ல.

முந்தும்போது வரும் திணறலுக்கு முதலில் டிஸ்டிரிபியூட்டரின் அட்வான்ஸ் (வேகம் கூடும்போது தீப்பொறியை முன்கூட்டியே விழச்செய்யும் அமைப்பு) வேலை செய்கிறதா, கார்புரேட்டர் பிஸ்டன் தடையில்லாமல் ஏறி இறங்குகிறதா, நான்கு சிலிண்டர்களின் கம்ப்ரெஷனும் ஒத்திருக்கிறதா, பிரேக் எங்கும் பிடித்துக்கொண்டிருக்கிறதா என்று பாருங்கள். கிளட்ச் பிளேட் தேய்ந்து வழுக்கியிருந்தால், அதை மாற்றியதுமே பாதிக் குறை தீரவும் கூடும்.

கியர்பாக்ஸ் இறங்கியிருக்கும்போது பிளைவீலில் செய்ய வேண்டிய வேலைகள் வேறு. கழற்றும் முன் அது கிராங்கில் இருந்த நிலையையும் கிளட்ச் பிளேட்டைப் பிளைவீலோடு அழுத்திப் பிடிக்கும் பிரஷர் பிளேட் இருந்த நிலையையும் குறியிட்டுக்கொள்ளுங்கள். கிளட்ச் பிளேட் உரசும் பக்கத்தில் நீலம் பாரித்த புள்ளிகளோ மயிரிழை வெடிப்புகளோ உள்ளனவா என்று நல்ல வெளிச்சத்தில் பாருங்கள். ஆழமான வெடிப்பு இருந்தால் கடையாமல் வேறு பிளைவீல் வாங்குங்கள், இல்லையென்றால் மேற்பரப்பை மட்டும் சமன் செய்யும் அளவுக்கு லேசாகக் கடையச் சொல்லுங்கள். நான்கு சிலிண்டர் என்ஜின் பெரும்பாலும் அதே இரண்டு இடங்களில்தான் நிற்கும் என்பதால், பிளைவீலின் விளிம்பில் ஸ்டார்ட்டர் பற்றிச் சுழற்றும் பல் வளையமான ரிங் கியரின் பற்கள் எதிரெதிரான அந்த இரண்டு இடங்களில் மட்டும் தேய்ந்திருக்கும். ரிங் கியரைச் சூடேற்றிக் கழற்றி, கால் சுற்றுத் தள்ளிப் பொருத்தினால் ஸ்டார்ட்டர் மறுபடியும் நன்றாகப் பிடிக்கும். கிராங்க் முனையிலுள்ள வெண்கலப் புஷ் ஆடினால் அதை எண்ணெயில் ஊறவைத்த புதிய புஷ்ஷாக மாற்றிவிட்டு, போல்ட்டுகளின் லாக் வாஷர்களைப் பழையதை மடக்காமல் புதிதாகவே போடச் சொல்லுங்கள்.