கைத்தொழில் கேள்வி-பதில்: காளத்தித் துணியில் சிவப்பு ஏறும் வழி

சத்தியவேட்டிலிருந்து ஒரு வாசகி: கண்காட்சியில் "கலம்காரி" என்று சீட்டு ஒட்டிய சேலை ஒன்றை வாங்கினேன். அச்சுத்துணி என்று வீட்டில் கேலி செய்கிறார்கள். கையால் எழுதியதா, அச்சா என்பதை எப்படி அறிவது?

பதில்: கலம்காரி, அதாவது சாயத்தால் சித்திரம் தீட்டிய துணி, உருவாகும் முறை தெரிந்துவிட்டால் இந்தக் கேள்விக்குப் பாதி விடை கிடைத்துவிடும். ஸ்ரீகாளஹஸ்தியில், அதாவது நம் கண்ணப்பர் வாழ்ந்த திருக்காளத்தியில், காடாத்துணியைக் கடுக்காய்ச் சாறும் எருமைப்பாலும் கலந்த நீரில் ஊறவைத்து வெயிலில் காயவைப்பார்கள். பாலிலுள்ள கொழுப்பு, எழுதும் கோடு துணியில் பரவாமல் காக்கிறது. புளியங்குச்சியைச் சுட்ட கரியால் உருவங்களை மெல்ல வரைந்துகொண்டு, கூராகச் சீவிய மூங்கில் குச்சியில் கம்பளியோ நூலோ சுற்றி, அதைச் சாயத்தில் தோய்த்து, விரலால் அழுத்தி அழுத்திக் கோடு இழுப்பார்கள். கருப்புக் கோட்டுக்கான நீரைக் கசிமி என்கிறார்கள். பழைய இரும்புத் துண்டுகளையும் வெல்லத்தையும் நீரில் போட்டுப் பல நாள் புளிக்கவிட்டு எடுப்பது அது. துணியில் ஏற்கெனவே ஏறியிருக்கும் கடுக்காயின் துவர்ப்போடு இரும்பு சேரும்போதுதான் கோடு கருக்கிறது. கடுக்காய் ஏறாத துணியில் அதே கசிமியால் எழுதினால் அந்தக் கருமை வராது.

சிவப்பின் கதை இன்னும் வேடிக்கையானது. சிவப்பு வரவேண்டிய இடத்தில் கலைஞர் சிவப்பைத் தீட்டுவதில்லை. படிகார நீரைத்தான் தடவுகிறார். துணி காய்ந்தபின் ஓடும் நீரில் அலசி, மிகுதிப் படிகாரம் போனதும், மஞ்சிட்டி போன்ற சாயவேர்களோடு கொதிக்கவைக்கிறார்கள். படிகாரம் பட்ட இடம் மட்டும் சாயத்தை இறுகப் பற்றிக்கொள்ளும். மற்ற இடத்தில் ஒட்டிய மங்கல் நிறத்தைச் சாணநீரிலும் வெயிலிலும் வெளுத்து எடுப்பார்கள். மஞ்சளும் நீலமும் அதற்குப் பின்னரே வரும். ஆகவே ஒரு துணியின் தரத்தைச் சித்திரக்காரரின் கை எவ்வளவு தீர்மானிக்கிறதோ, அவ்வளவு தண்ணீரும் வெயிலும் காத்திருப்பும் தீர்மானிக்கின்றன. சுவர்ணமுகி ஆற்றங்கரையில் இத்தொழில் வேரூன்றியதில் வியப்பில்லை.

இனி உங்கள் சேலைக்கு வருவோம். கையால் எழுதிய கோடு ஓரிடத்தில் தடித்தும் ஓரிடத்தில் மெலிந்தும் ஓடும். ஒரே மயில் பத்து முறை வந்தாலும் பத்தும் சற்றே வேறுபடும். மச்சிலிப்பட்டினத்தையும் அதன் பக்கத்துப் பெடனாவையும் சேர்ந்த மரக்கட்டை அச்சுத்துணியில் உருவம் திரும்பத் திரும்ப வரும், ஆனால் கட்டைகள் சேருமிடத்தில் இம்மியளவு பிசகு தெரியும். அதுவும் கலம்காரி மரபில் நியாயமான இடமுள்ளதே. அதைப் போலி என்று தள்ளுவது அறியாமை. எழுதிய துணிக்கும் கட்டையச்சுக்கும் தனித்தனிப் புவிசார் குறியீடுகள் உண்டு. ஆனால் எல்லா உருவங்களும் மயிரிழை பிசகாமல் ஒன்றாகவே இருந்து, நிறம் முன்பக்கத்தில் மட்டும் பசைபோலப் படிந்து, பின்பக்கம் வெளிறிக் கிடந்தால், அது பெரும்பாலும் திரையச்சு (ஸ்கிரீன் பிரிண்ட்). புதுத்துணியை முகர்ந்தும் பாருங்கள். பாலும் கடுக்காயும் கலந்த வாடை எழுதிய துணியில் சில காலம் நிற்கும். திரையச்சுதான் என்று தெரிந்தால், கேலி செய்தவர்களிடம் சொல்லத்தான் வேண்டுமா என்பது உங்கள் விருப்பம்.

புத்தூரிலிருந்து ஒரு வாசகர்: கலம்காரி என்பது பாரசீகச் சொல்தானே? அப்படியானால் இக்கலை அங்கிருந்து வந்ததா?

பதில்: சொல் பாரசீகம், "கலம்" எழுதுகோல், "காரி" வேலை. கோல்கொண்டா சுல்தான்கள் காலத்தில் மச்சிலிப்பட்டினத்திலிருந்து பாரசீகத்துக்குத் துணி கப்பலேறியது; வாங்கியவர் வைத்த பெயர் நிலைத்தது. வேலை அதற்கும் மிக மூத்தது. மொகஞ்சதாரோவிலேயே மஞ்சிட்டி வகைச் சாயம் ஏறிய பருத்தித் துணுக்கு கிடைத்திருக்கிறது. காளத்திக்காரர் இதை "விராதபனி", அதாவது எழுத்துவேலை, என்றும் சொல்வர். நாமும் சித்திரத்தை "எழுதுவது" என்று சொல்லி வந்தவர்கள்தாம். தமிழ்நாட்டுப் பக்கம் சிக்கல்நாயக்கன்பேட்டையிலும் கருப்பூரிலும் கோயில் விதானங்களும் தேரில் தொங்கவிடும் உருளைவடிவத் தொம்பைகளும் இம்முறையில் எழுதப்பட்டன. கருப்பூர் ஓவியத்துக்கு 2021இல் புவிசார் குறியீடு கிடைத்தது.

நகரியிலிருந்து ஒரு வாசகர்: எங்கள் பாட்டி இருமலுக்கு இம்பூறல் வேரைக் காய்ச்சிக் கொடுப்பார். அதைச் "சாயவேர்" என்றும் சொல்வார். சாயத்துக்கும் அதற்கும் என்ன தொடர்பு?

பதில்: உங்கள் பாட்டி சரியாகவே சொன்னார். இரண்டும் ஒரே செடி. மணற்பாங்கான கடலோரத்தில் வளரும் இச்செடியின் மெல்லிய வேர்ப்பட்டைதான் சோழமண்டலக் கரைத் துணிகளுக்குப் பெயர்பெற்ற சிவப்பைக் கொடுத்தது. மன்னார், யாழ்ப்பாணக் கரைகளில் டச்சுக்காரர்கள் ஆட்களை வைத்து இதைத் தோண்டுவித்து வருவாய் பார்த்தார்கள். இத்துணிகள் ஐரோப்பாவில் எவ்வளவு பரவின என்றால், உள்ளூர் நெசவாளரின் பிழைப்புக்காகப் பிரான்ஸ் 1686 முதல் 1759 வரை அவற்றைத் தடைசெய்தது. இங்கிலாந்தும் 1700லும் 1721லும் தடைச் சட்டங்கள் இயற்றியது. அத்தடைக் காலத்திலேயே, 1742இல், கேர்து என்னும் பிரெஞ்சு யேசு சபைப் பாதிரியார், கிறித்தவராகிய சாயக்காரரிடம் கேட்டறிந்து, கடுக்காய், எருமைப்பால், சாயவேர் என முழு முறையையும் கடிதமாக எழுதித் தம் நாட்டுக்கு அனுப்பினார். இன்றைய சொல்லில் அது தொழில் இரகசியத் திருட்டு. ஆயினும் அன்றைய முறையை நாம் அறிய அக்கடிதமும் உதவுகிறது என்பதால் அவரை முழுதாகத் திட்டவும் மனம் வரவில்லை. வேரிலுள்ள சிவப்புப் பொருளை 1868இல் ஜெர்மானிய வேதியியலார் ஆய்வுக்கூடத்தில் செய்துவிட்டார்கள். அதன்பின் வேர் தோண்டும் தொழில் படுத்தது. மருந்துக்கடையில் மட்டும் இம்பூறல் நிலைத்தது.

குப்பத்திலிருந்து ஒரு வாசகி: கலம்காரித் துணியை எப்படித் துவைப்பது?

பதில்: முதல் இரண்டு மூன்று முறை தனியாக, குளிர்ந்த நீரில் அலசுங்கள். பூந்திக்கொட்டை நீர் போதும். சலவைச் சோடா வேண்டாம். நிழலில் காயவையுங்கள். எலுமிச்சைச் சாறோ புளியோ படாமல் பார்த்துக்கொள்ளுங்கள். இரும்பால் வந்த கருப்புக் கோடு புளிப்புப் பட்டால் வெளுக்கக்கூடும்.