ஆனின் அம்மா: கடிதமும் பதிலும்

அன்புள்ள எழுத்தாளருக்கு,

வணக்கம். நாஜிகளுக்குப் பயந்து ஒளிந்து வாழ்ந்த யூதச் சிறுமி ஆன் ஃபிராங்கின் நாட்குறிப்பைப் பதிமூன்று வயதில் பள்ளி நூலகத்தில் எடுத்துப் படித்தேன். அப்போது நான் முழுக்க ஆனின் கட்சி. அவள் அம்மாவைக் குறைசொல்லும் இடங்களிலெல்லாம் என் அம்மாவை வைத்துப் பார்த்தேன். இப்போது என் மகளுக்குப் பதிமூன்று வயது. அதே புத்தகத்தைக் கையில் வைத்துக்கொண்டு, அம்மாவைப் பற்றிய வரிகள் வந்தால் எனக்குக் கேட்கிற மாதிரி சத்தமாக வாசிக்கிறாள். நேற்று 2 ஏப்ரல் 1943 பக்கம். இந்த முறை எனக்கு ஆனின் அம்மா எடித் மட்டும்தான் கண்ணில் படுகிறார். அவர் உண்மையிலேயே அத்தனை அன்பில்லாதவரா? அவருக்காகப் பேச யாருமே இல்லையா?

அன்புடன்,
ஒரு வாசகி, தஞ்சாவூர்
(பெயர் வெளியிட வேண்டாம்)

அன்புள்ள சகோதரிக்கு,

அந்த ஏப்ரல் பக்கத்தில் நானும் நின்றிருக்கிறேன். இரவுப் பிரார்த்தனைக்கு அப்பா வருவார் என்று ஆன் படுக்கையில் காத்திருக்கிறாள். வந்தது அம்மா. அப்பாவால் இப்போது வர முடியவில்லை, நான் கேட்கட்டுமா என்கிறார். வேண்டாம் என்கிறாள் மகள். எடித் கோபப்படவில்லை. அன்பை வற்புறுத்தி வாங்க முடியாது என்று சொல்லி, அழுதபடி போய்விடுகிறார். அந்தக் கண்ணீர் நமக்குத் தெரிந்ததே ஆன் எழுதியதால்தான். தன்மேல் பழி வரக்கூடிய காட்சியை அந்தப் பிள்ளை மறைக்காமல் எழுதியிருக்கிறது.

உங்கள் கேள்விக்கு என் பதில்: இல்லை, எடித் அன்பில்லாதவர் இல்லை. அவர் ஒளிவிடத்தில் நாட்குறிப்பு எழுதவில்லை, அவ்வளவுதான்.

நம் வீடுகளில் பதிமூன்று வயதுப் பெண்ணுக்கு அம்மாவோடு சண்டை வந்தால் என்ன செய்வாள்? கதவை அறைந்து சாத்துவாள், மொட்டை மாடிக்குப் போவாள், சைக்கிளை எடுத்துக்கொண்டு தோழி வீட்டுக்குக் கிளம்புவாள். ஒரு மணி நேரத்தில் பசித்துத் திரும்பி வருவாள். ஆம்ஸ்டர்டாமில் பிரின்சன்கிராக்ட் 263ஆம் எண் கட்டடத்தின் பின்பகுதியில் அதற்கெல்லாம் வழியில்லை. எட்டுப் பேர், 761 நாள். கீழே கிடங்கில் ஆட்கள் வேலை செய்தார்கள். மேலே ஆட்கள் இருப்பது அவர்களுக்குத் தெரியக்கூடாது. பகலில் கிசுகிசுப்பாகத்தான் பேச்சு, காலணி போடாமல்தான் நடை, கழிப்பறையில் தண்ணீர் திறக்கக்கூடாது. சண்டையைக்கூடக் குரலை அடக்கித்தான் போட வேண்டும். ஆனுக்கு இருந்த ஒரே கதவு அந்த நோட்டு. அதைத்தான் அவள் அறைந்து சாத்தினாள். எடித்துக்கு அதுவும் இல்லை. அவரும் கணவர் ஓட்டோவும் மூத்த மகள் மார்கோட்டும் படுத்த அறைதான் பகலில் குடும்பத்தின் கூடம். தனியாக அழ அவருக்கு ஒரு மூலை கிடையாது. உணவு கொண்டுவந்து கொடுத்த மீப் கீஸிடம் அவர் சில நேரம் மனம்விட்டுப் பேசியிருக்கிறார். இதற்கு முடிவே வராது என்கிற பயம் அவருக்கு. மற்றவர்கள் போருக்குப் பிறகு செய்யப்போவதைப் பற்றிப் பேசும்போது அவரால் அதில் சேர முடியவில்லை. ஆனுக்கு அது எரிச்சல். ஆனால் அந்த வீட்டில் நடக்கப்போவதைச் சரியாகக் கணித்தவர் எடித்தான் என்பதை நினைத்தால் எனக்கு வயிற்றைப் பிசைகிறது.

அவர் கடந்து வந்ததையும் பாருங்கள். ஜெர்மனியின் ஆஹன் நகரத்தில் வசதியான வீட்டில் பிறந்தவர். ஹிட்லர் ஆட்சிக்கு வந்த 1933இல் ஊரைவிட்டு, மொழி புரியாத நாட்டுக்கு வந்தார். அமெரிக்கா போக ஓட்டோ 1938இல் விண்ணப்பித்தார். 1940 மே மாதக் குண்டுவீச்சில் ராட்டர்டாமில் இருந்த அமெரிக்கத் துணைத் தூதரகத்தோடு காகிதங்களும் எரிந்தன. மறுபடி முயன்றபோது, அதற்குள் அமெரிக்கா போய்ச் சேர்ந்திருந்த எடித்தின் சகோதரர்கள் பொறுப்பேற்க முன்வந்தார்கள், அப்படியும் நடக்கவில்லை. கூடவே இருந்த தாய் 1942 ஜனவரியில் இறந்தார். ஐந்து மாதம் கழித்து, ஜூலை 5 அன்று, பதினாறு வயது மார்கோட்டை வேலை முகாமுக்கு வரச்சொல்லி ஆணை வந்தது. ஓட்டோ வெளியே போயிருந்த நேரம். எடித் இடிந்து உட்காரவில்லை. நேரே, பிறகு அவர்களோடு ஒளிந்திருந்த வான் பெல்ஸ் குடும்பத்தின் வீட்டுக்குப் போய், நாளைக்கே ஒளிவிடத்துக்குப் போய்விடலாமா என்று பேசினார். மறுநாள் காலையில், பெட்டி தூக்கினால் சந்தேகம் வரும் என்பதால் துணிமேல் துணி உடுத்திக்கொண்டு போனார்கள்; மார்கோட் முன்னதாகச் சைக்கிளில், மற்ற மூவரும் மழையில் நடந்தே. ஆனின் நாட்குறிப்பிலேயே இது இருக்கிறது. பதிமூன்று வயதில் எனக்கும் இது கண்ணில் படவில்லை.

அவருக்காகப் பேச ஆள் உண்டு. எடித் மிக நல்ல தாய், ஆனோடு நடந்த உரசல்களில் மகளைவிட அதிகம் வருந்தியவர் அவர்தான் என்று ஓட்டோ பின்னாளில் எழுதினார். 1947இல் நாட்குறிப்பு அச்சானபோது மனைவியைப் பற்றிய சில கடுமையான பகுதிகளை அவர் நீக்கியதும் உண்மை. அதைத் தவறென்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

1944 ஆகஸ்ட் 4இல் பிடிபட்டார்கள். செப்டம்பர் 3இல், வெஸ்டர்போர்க் இடைத்தங்கல் முகாமிலிருந்து ஆஷ்விட்ஸ் வதைமுகாமுக்குப் போன கடைசி ரயிலில் ஏற்றப்பட்டார்கள். அங்கே அம்மாவும் இரண்டு பெண்களும் பிரியாமல் இருந்ததைப் பிழைத்து வந்த பெண்கள் சொல்லியிருக்கிறார்கள். சொறி வந்து ஆனைத் தனிக் கொட்டடியில் அடைத்தபோது மார்கோட்டும் அவளோடு போய்விட்டாள். எடித் இன்னொரு பெண்ணோடு சேர்ந்து சுவரடியில் மண்ணைத் தோண்டி, அந்தப் பொந்து வழியாக ரொட்டியைத் தள்ளினார். அவருக்கே பசி. பிறகு பெண்கள் இருவரையும் பெர்கன்-பெல்சன் என்ற வேறொரு முகாமுக்குக் கொண்டுபோனார்கள். எடித் தனியாக நின்றார். காய்ச்சலில் கிடந்தபோதும் தன் பங்கு ரொட்டியைக் கணவருக்கென்று போர்வைக்குள் எடுத்துவைத்தார். 1945 ஜனவரி 6இல் இறந்தார். பத்து நாள் இருந்திருந்தால் நாற்பத்தைந்து வயது. சோவியத் படை வர மூன்று வாரம் இருந்தது.

இதை இப்போதே மகளிடம் சொல்ல வேண்டாம். சத்தமாக வாசிக்கட்டும், நீங்களும் கேட்டுக்கொண்டிருங்கள். இன்னும் பல பக்கங்கள் தாண்டி 2 ஜனவரி 1944 வரும். அன்றைக்கு ஆன் தன் பழைய பக்கங்களைப் புரட்டி, இவ்வளவு வெறுப்பை எழுதியது நான்தானா என்று கூசிப்போகிறாள். அந்தச் சொற்கள் அம்மாவின் நெஞ்சில் கிடப்பதற்குப் பதில் காகிதத்தில் கிடப்பதே மேல் என்று தன்னைத் தேற்றிக்கொள்கிறாள். அந்தப் பக்கத்தை உங்கள் மகள் எப்படி வாசிக்கிறாள் என்று எனக்கு எழுதுங்கள்.