வாசகர் கேள்வி – பதில்: புயல் அலுவலகம் யாருக்குக் கீழே இருக்க வேண்டும்?

கேள்வி: என் மகன் அமெரிக்காவில் லூசியானா மாநிலத்தில் வேலை பார்க்கிறான். புயல், வெள்ளத்தையும் உள்நாட்டுப் பாதுகாப்பையும் கவனிக்கிற மாநில அலுவலகத்தை ராணுவத் துறைக்குக் கீழே கொண்டுபோய்விட்டார்கள் என்கிறான். புயலுக்கும் ராணுவத்துக்கும் என்ன சம்பந்தம்?
– ஒரு வாசகர், திருச்சி

பதில்: ராணுவம் என்றதும் எல்லையில் நிற்கிற படையை நினைக்க வேண்டாம். அங்கே ஒவ்வொரு மாநிலத்துக்கும் நேஷனல் கார்டு என்று ஒரு படை இருக்கிறது. அதில் பெரும்பாலானவர்கள் வேறு வேலை பார்த்துக்கொண்டே பகுதி நேரமாகப் பணிபுரிகிறவர்கள், சாதாரண நாட்களில் மாநில கவர்னரின் உத்தரவுக்குக் கட்டுப்பட்டவர்கள். அந்த ஊர் கவர்னர் மக்கள் ஓட்டுப் போட்டுத் தேர்ந்தெடுக்கிறவர், நம் முதல்வர் மாதிரி. வெள்ளம் வந்தால் ஹெலிகாப்டர், படகு, தண்ணீரில் போகிற உயரமான லாரி எல்லாம் பெரிய அளவில் இவர்களிடம்தான் இருக்கும்.

மகன் சொன்னது சரி. 2024 ஜனவரியில் பதவிக்கு வந்த கவர்னர் ஜெஃப் லாண்ட்ரி காலத்தில் அந்த அலுவலகம் நேஷனல் கார்டு தளபதியின் பொறுப்புக்குப் போனது. ஆனால் இது புது ஏற்பாடு இல்லை, பழைய வீட்டுக்கே திரும்பியிருக்கிறது. 2005-ல் லூசியானாவின் பெரிய நகரமான நியூ ஆர்லியன்ஸை மூழ்கடித்த கத்ரீனா புயல் அடித்தபோதும் அது அங்கேதான் இருந்தது, படைத்தளபதியே இதற்கும் தலைவர். கத்ரீனாவில் பட்டதற்குப் பிறகுதான் 2006-ல் சட்டம் போட்டு அதைப் பிரித்து நேராக கவர்னர் அலுவலகத்துக்குள் வைத்தார்கள்.

கேள்வி: கத்ரீனாவில் வெள்ளத் தடுப்புக் கரை உடைந்தது பொறியாளர்களின் தவறுதானே? அலுவலகம் எந்தத் துறையில் இருந்தால் என்ன?
– ஒரு வாசகி, கும்பகோணம்

பதில்: கரை உடைந்தது பொறியியல் தவறுதான். நியூ ஆர்லியன்ஸில் ஏறக்குறைய 80 சதவீதம் மூழ்கியதற்கு அதுவே முதல் காரணம். ஆனால் தண்ணீர் வந்த பிறகு மக்கள் நாள்கணக்கில் கூரை மேலும் சூப்பர்டோம் என்ற விளையாட்டு அரங்கத்திலும் கிடந்தார்களே, அது நிர்வாகத்தின் தவறு.

பேருந்து விஷயத்தை மட்டும் பாருங்கள். அந்த நகரத்தில் கார் இல்லாதவர்கள் 1 லட்சம் பேருக்கு மேல் இருப்பார்கள் என்பது அதிகாரிகளுக்கு முன்பே தெரியும். 2004 ஜூலையில் பேட்டன் ரூஜ் நகரத்தில் 'பாம்' என்று ஒரு கற்பனைப் புயலுக்குப் பெயர் வைத்து, மத்திய, மாநில, உள்ளூர் அதிகாரிகளை எல்லாம் உட்கார வைத்து ஒத்திகையே நடத்தினார்கள். அதற்குப் பிறகு 2005 ஏப்ரலில் மாநிலத்தின் அவசரகாலத் திட்டத்தைத் திருத்தி எழுதியபோது, வெளியேற்றத்துக்கு வண்டி ஏற்பாடு செய்யும் பொறுப்பை நேஷனல் கார்டிடமிருந்து எடுத்து மாநிலப் போக்குவரத்துத் துறையிடம் கொடுத்தார்கள். அந்தத் துறை அதற்காக எந்த ஏற்பாடும் செய்யவில்லை; துறைச் செயலரே பிறகு செனட் குழு விசாரணையில் ஒப்புக்கொண்டார். ஆகஸ்ட் 29-ல் புயல் கரையைத் தொட்டது. நகரத்தின் பள்ளிப் பேருந்துகள் நிறுத்திய இடத்திலேயே மூழ்கின. சூப்பர்டோமில் 20 ஆயிரத்துக்கும் மேற்பட்டவர்கள் பேருந்துக்காகக் காத்துக் கிடந்தார்கள்.

எனக்கு இதில் கோபம் வருவது எங்கே என்றால், பொறுப்பை மாற்றினவர்கள் காகிதத்தில் மாற்றியதோடு வேலை முடிந்ததாக நினைத்தார்கள். எத்தனை பேருந்து வேண்டும், ஓட்டுநர் யார், வண்டிக்காரர்களோடு ஒப்பந்தம் போட்டாயிற்றா, பணம் எந்தக் கணக்கிலிருந்து என்று ஏப்ரலுக்கும் ஆகஸ்டுக்கும் நடுவில் யாராவது ஒருவர் கேட்டிருக்க வேண்டும். கேட்க வேண்டிய இடம் அந்த அவசரகால அலுவலகம். அதிலோ ஆளும் போதாது, ஒரு துறைச் செயலரைக் கூப்பிட்டு அதட்டிக் கேட்கிற அதிகாரமும் கிடையாது.

அப்புறம் இன்னொன்று. நேஷனல் கார்டின் தலைமையகம் ஜாக்சன் பாரக்ஸ் நியூ ஆர்லியன்ஸிலேயே தாழ்வான இடத்தில் இருந்தது, அதுவும் மூழ்கியது. அங்கிருந்தவர்கள் முதலில் தங்களையே காப்பாற்றிக்கொண்டு சூப்பர்டோமுக்கு இடம் மாற வேண்டியதாயிற்று. தன் படைத் தலைமையகமே தண்ணீரில் கிடக்கும்போது, அதே தளபதிதான் மருத்துவமனை, உணவு, வண்டி, முகாம் என்று மாநிலத்தின் எல்லாத் துறைகளையும் ஒருங்கிணைக்கிற அலுவலகத்துக்கும் தலைவர். ஒரே மனிதர் இரண்டையும் எப்படிப் பார்ப்பார்?

கேள்வி: பயங்கரவாதத் தடுப்பையும் வெள்ள நிவாரணத்தையும் ஏன் ஒரே அலுவலகத்தில் சேர்க்கிறார்கள்?
– ஒரு கல்லூரி மாணவர், மதுரை

பதில்: 2001 செப்டம்பர் 11 தாக்குதலுக்குப் பிறகு வந்த பழக்கம் இது. 2003 மார்ச்சில் 22 அமைப்புகளைச் சேர்த்து மத்திய அரசின் உள்நாட்டுப் பாதுகாப்புத் துறை இயங்கத் தொடங்கியபோது, ஃபீமா என்கிற மத்தியப் பேரிடர் அமைப்பும் அதற்குள் போனது. 1996-ல் கேபினட் அந்தஸ்தோடு ஜனாதிபதியிடம் நேராகப் பேசிய அமைப்பு, பெரிய துறையின் ஒரு பிரிவானது. மத்தியப் பணம் பாதுகாப்பு என்ற பெயரில் வர ஆரம்பித்ததும் மாநிலங்களும் தங்கள் அலுவலகங்களை அதற்கேற்ப மாற்றின. நியூயார்க் மாநிலம் 2010-ல் உள்நாட்டுப் பாதுகாப்பு, பேரிடர், தீத்தடுப்பு எல்லாவற்றையும் ஒரே துறையாக்கியது.

கட்டுப்பாட்டு அறை, வயர்லெஸ், ஒத்திகை இவை இரண்டுக்கும் பொது, அதனால் சேர்ப்பதில் நியாயம் உண்டு. சங்கடம் எங்கே என்றால், பயங்கரவாதத் தடுப்புக்கான உளவு வேலை செய்தியை மூடி வைக்கிற வேலை, வெள்ள வேலை செய்தியை ஊருக்கெல்லாம் உரக்கச் சொல்கிற வேலை. சேர்ந்திருக்கிற இடத்தில் எந்தப் பக்கம் பணம் அதிகமோ அந்தப் பக்கத்துப் பழக்கம்தான் நிற்கும்.

கேள்வி: சரி, உங்கள் முடிவு என்ன? படைக்குக் கீழேயா, கவர்னருக்குக் கீழேயா?
– ஒரு வாசகர், நாகர்கோவில்

பதில்: கவர்னருக்குக் கீழே, தனியாக. 2024-ல் செய்தது பின்னடைவு என்றே நினைக்கிறேன்.

எதிர்த்தரப்பிலும் வலுவான வாதம் இருக்கிறது. ஒரே கட்டளைச் சங்கிலி, சரக்கு நகர்த்துவதில் ராணுவத்துக்கு இருக்கிற பழக்கம், இரண்டு அலுவலகம் ஒரே வேலையைச் செய்யாமல் இருப்பது. முதல் மூன்று நாளுக்கு இதெல்லாம் உண்மையிலேயே உதவும். ஆனால் இந்த அலுவலகத்தின் வேலை மூன்று நாளில் முடிகிறதா? உடைந்த பள்ளிக்கூடம், சாலை, தண்ணீர்க் குழாய்க்கு மத்திய அரசு குறைந்தது 75 சதவீதம் செலவைத் திருப்பித் தரும். அந்தப் பணம் மாநில அலுவலகம் வழியாகத்தான் ஊருக்குப் போகும், ஒவ்வொரு ரசீதையும் சரிபார்த்து, தணிக்கைக்குப் பதில் சொல்லி, வருடக்கணக்காக. 2020-ல் லாரா புயல், 2021-ல் ஐடா புயல் என்று ஒரு கணக்கு முடிவதற்குள் அடுத்தது வந்துவிடுகிற மாநிலம் அது. அந்த வேலைக்குப் பல வருடம் ஒரே நாற்காலியில் உட்கார்ந்து கணக்கு தெரிந்த ஊழியர்கள் வேண்டும். ஒவ்வொரு முறை அலுவலகத்தை வேறு துறைக்கு மாற்றும்போதும் முதலில் வேலையை விட்டுப் போகக்கூடியவர்கள் அவர்கள்தான்.

2008 செப்டம்பரில் குஸ்டாவ் புயல் வந்தபோது, பிரித்து வைத்த ஏற்பாட்டில், தெற்கு லூசியானாவிலிருந்து 19 லட்சம் பேர் வரை முன்கூட்டியே வெளியேறினார்கள். கார் இல்லாதவர்களுக்குப் பேருந்தும் ரயிலும் தயாராக இருந்தன. கத்ரீனாவின் பயம் மக்களிடம் இருந்ததும் ஒரு காரணம், எல்லாப் பெருமையையும் அலுவலக மாற்றத்துக்குக் கொடுக்க முடியாது. ஆனாலும் அந்த முறை பேருந்துக்கு யார் பொறுப்பு என்ற கேள்வி புயலுக்கு முன்பே கேட்கப்பட்டு, பதிலும் சொல்லப்பட்டிருந்தது.

கேள்வி: என் தங்கை குடும்பமும் அங்கேதான். புயல் வந்தால் யார் சொல்வதைக் கேட்டுக் கிளம்ப வேண்டும்?
– ஒரு வாசகி, காரைக்குடி

பதில்: மாநில அலுவலகத்தின் உத்தரவுக்குக் காத்திருக்க வேண்டாம் என்று தங்கையிடம் சொல்லுங்கள். லூசியானாவில் மாவட்டத்துக்குப் பதில் பாரிஷ், மொத்தம் 64. கிளம்பச் சொல்லும் உத்தரவு பெரும்பாலும் பாரிஷ் தலைவரிடமிருந்து வரும், அவர் நம் கலெக்டர் மாதிரி அரசு நியமித்தவர் இல்லை, தேர்தலில் ஜெயித்தவர். ஒவ்வொரு பாரிஷுக்கும் தனி அவசரகால அலுவலகம் உண்டு, அதன் எச்சரிக்கைச் செய்திக்கு இப்போதே போனில் பதிவு செய்துகொள்ளட்டும்.

சொந்த வீடாக இருந்தால் வெள்ளக் காப்பீடு எடுத்திருக்கிறார்களா என்றும் கேளுங்கள். சாதாரண வீட்டுக் காப்பீட்டில் வெள்ளம் சேராது. மத்திய அரசின் வெள்ளக் காப்பீடு எடுத்தாலும் பொதுவாக 30 நாள் கழித்துத்தான் நடைமுறைக்கு வரும். புயல் சீசன் ஜூன் 1-ல் தொடங்குகிறது, ஆகவே ஏப்ரல் மாதத்துக்குள்ளேயே அதை முடித்துவிடச் சொல்லுங்கள்.